கும்பிடு போடும் வண்டி

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் பேயாண்டி பத்திரிகை வைக்க வந்தான். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன். மகளுக்கு ஜூன் கடைசியில் காதுகுத்தாம். காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். போகிற போக்கில் வாசலில் நின்ற எங்கள் பிக்கப்பை மேலும் கீழும் பார்த்து, "என்னண்ணே, ஒன் வண்டி போறவன் வாரவனுக்கெல்லாம் கும்பிடு போடுது" என்றான்.

முடிந்தது. மத்தியானம் இவர் சாப்பிடவில்லை. கறிக்குழம்பு சட்டியோடு இருக்கிறது. நாலு ஏக்கர் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் ஐம்பது வயது மனுசன், வண்டியின் மூக்கு பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறதென்று பட்டினி கிடக்கிறார். பேயாண்டியின் வண்டி நிமிர்ந்து நிற்கிறதாம். நிற்கட்டுமே. பேயாண்டி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"லோடு வண்டியை அப்படித்தான் செய்வாங்க. பாரம் ஏறுனா பின்னாடி அமுங்கிச் சமமாயிரும்" என்றேன்.

"ஒனக்கு வண்டியப் பத்தி என்னா தெரியும் ஈஸ்வரி?"

இருபது வருடமாகக் கணக்கு டீச்சர். சரி, எனக்கு ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 29

டிரைவிங் ஸ்கூலில் எட்டாவது நாள். ஆனையூரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். கிளட்சை விடும்போது வண்டி இன்னும் விக்குகிறது. பரவாயில்லை, வந்துவிடும். வந்தாக வேண்டும்.

தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு ஆணை பீரோவில் இருக்கிறது. வாடிப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பள்ளி. எங்கள் சமயநல்லூரிலிருந்து எனக்குத் தோதான நேரத்துக்குப் பஸ் கிடையாது. கழுத்துத் தேய்மானத்தால் ஸ்கூட்டரைத் தொடக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூன் 2 அன்று போய்ச் சேராவிட்டால் பதவி அடுத்த ஆளுக்கு.

அதனால்தான் அந்த ஒப்பந்தம். இவர் விடியலில் பரவை மார்க்கெட்டில் கொய்யாவை இறக்கிவிட்டு ஏழரைக்குள் திரும்பிவிடுவார். அதற்கு மேல் வண்டி எனக்கு. இவர் வாயால் சொன்னது, நான் கெஞ்சி வாங்கியது இல்லை. நான் நாலடி பதினொரு அங்குலம். சீட்டில் ஒரு குஷன் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பானட்டுக்கு மேல் தெரு தெரிகிறது. அது போதும் எனக்கு.

மே 2

கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே இரண்டு அலுமினிய வளையங்கள், கொஞ்சம் போல்ட்டுகள். பெயர் லெவலிங் கிட்டாம். முன்சக்கரத்து ஷாக்கின் தலையில் வைத்து முடுக்கினால் வண்டியின் மூக்கு எழும்புமாம். இவர் அதைத் துடைத்துத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறார். எங்கள் கல்யாண போட்டோவை இப்படி ஒருநாள் துடைத்ததில்லை.

மாட்டப்போவது என் தம்பி ராம்கி. லேத் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல வேலைக்காரன், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனில் நாலு வீடியோ பார்த்தால் விமானத்தையே கழற்றி மாட்டலாம் என்று நினைக்கிற ஆள்.

மே 4, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுதி வைக்க வேண்டும். பின்னால் படித்துச் சிரிக்க உதவும்.

காலையிலேயே இவர் அம்மா, என் அத்தை, வண்டிக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். பிறகு வண்டியைத் தெருவில் இறக்கி வேலை பார்க்கலாமா என்று ராம்கி கேட்டான். அத்தை விடவில்லை. "அது வாங்குன நாள்லருந்து கெழக்க பாத்துத்தான் நிக்குது. வாசல்லயே வச்சுப் பாருங்கய்யா." எங்கள் தெரு வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. அதாவது வண்டியின் மூக்கு தெருவைப் பார்த்து, பின்பக்கம் வீட்டைப் பார்த்து.

ஜாக்கி போடும்போது வண்டி தெருப்பக்கம் உருண்டுவிடக்கூடாதாம். என் அம்மிக்கல்லைத் தூக்கிப்போய் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஏன் தெருப்பக்கம் உருளப் பார்க்கிறது என்று அந்த இரண்டு மேதைகளில் ஒருவருக்காவது தோன்றியதா? இல்லை.

வளையத்தை மாட்டி, சக்கரத்தை முடுக்கி, வண்டியைக் கீழே இறக்கினார்கள். பிறகு இவர் எங்கிருந்தோ கொத்தனாரின் ரசமட்டத்தை எடுத்துவந்து வண்டியின் கதவடி விளிம்பில் வைத்தார். குமிழ் நடுவில் நிற்கவில்லை, வீட்டுப்பக்கம் ஒதுங்கி நின்றது.

"இன்னும் குனிஞ்சுதான் நிக்குது மாப்ள."

"விடுங்க மச்சான். நம்ம பட்டறையில இன்னும் ரெண்டு வளையம் கடைஞ்சு கொண்டாரேன். எம்புட்டு வேணும்?"

"குமிழி நடுவுல வாரவரைக்கும்."

நான் வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசலுக்கு சிமெண்ட் போட்டபோது தண்ணீர் தேங்காமல் தெருவுக்கு ஓட வேண்டும் என்று கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது நான்தான். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம். நூல் பிடித்து அளந்தும் வாங்கினேன். வண்டியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட பத்தடி. சரிவான தரையில் வண்டியை நிறுத்தி, அதன்மேல் ரசமட்டம் வைத்து, வண்டியைத் திருத்துகிறார்கள். வாசலின் இரண்டு அங்குலத்தையும் வண்டியில் ஏற்றுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

வாயைத் திறந்தேன். "ஏங்க, ஒரு நிமிசம்—"

"வெங்காயத்தைப் பாரு ஈஸ்வரி."

வெங்காயத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் ராம்கி கடைந்த வளையங்களையும் சேர்த்து மாட்டினான். குமிழ் நடுவுக்கு வந்தது. இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். பேயாண்டிக்கு வீடியோ போயிற்று.

மே 6

இன்று விடியலில் பரவை போகும்போது எதிரே வந்த லாரிக்காரன் வண்டியை மறித்து நிறுத்தித் திட்டினானாம். ஹெட்லைட் கண்ணில் அடிக்கிறதாம். பின்னால் இருபது பெட்டி கொய்யா, முன்னால் தூக்கிய மூக்கு. வெளிச்சம் புளியமரத்து உச்சிக்குத்தான் போகும். "வெளிச்சம் நல்லா தூரமா அடிக்குது" என்று அத்தையிடம் பெருமையாகச் சொன்னார். ரோட்டுக்கு மட்டும் அடிக்கவில்லை போலிருக்கிறது.

இப்போது சொல்லலாமே? சொல்லலாம். ஆனால் இவ்வளவு சீக்கிரமா? காதுகுத்தில் பேயாண்டி மட்டமான தரையில் வண்டியைப் பார்க்கட்டும். அப்புறம் சொல்கிறேன்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்குகிறார். ஊரே மதுரையில். நான் வீட்டில் ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று படம் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 20

லைசென்ஸ் டெஸ்ட் பாஸ். அத்தைக்கு அல்வா வாங்கி வந்தேன். இவர் "ம்" என்றார்.

மே 21

எழுத்து கோணலாக வருகிறது.

இன்று முதல்முறையாக பிக்கப்பை நானே எடுத்தேன். பக்கத்தில் ராம்கி. வாசலில் இருந்தவரை எல்லாம் நன்றாகத் தெரிந்தது. தெருவுக்கு இறங்கித் திருப்பினேன். அவ்வளவுதான், ரோட்டைக் காணோம். பானட், அதற்கு மேல் வானம். குஷன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்னொரு குஷன் போட்டால் கால் பெடலுக்கு எட்டவில்லை. எதிர்வீட்டு மாடி தெரிகிறது. நான் போகிற ரோடு தெரியவில்லை.

மெதுவாகத்தான் போனேன். குழாயடியில் டம்மென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் டயருக்கடியில் அப்பளம் மாதிரி. குடத்துக்காரி பாண்டியம்மா கொஞ்சம் தள்ளி நின்று நெஞ்சில் கைவைத்திருந்தாள். "இப்பத்தான் குனிஞ்சு குடத்தை நிமித்தி வச்சிட்டு எந்திரிச்சேன் டீச்சர்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 22

இவர் காபி குடித்துக்கொண்டே, ரொம்ப அன்பாக: "அதான் சொன்னேன், ஒனக்கு இந்த வண்டி ஆகாது. நானே கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் வந்து கூப்பிட்டுக்கிறேன். முடியாத அன்னைக்கு லீவு போட்டுக்க."

தலைமையாசிரியைக்கு லீவு. தண்ணீர் பாய்ச்சுகிற நாள், மருந்தடிக்கிற நாள், பேயாண்டி வீட்டு விசேஷ நாள் எல்லாம் லீவு. இரண்டே மாதத்தில் நானே பதவி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவேன். அது இவருக்கும் தெரியும்.

வண்டி ஆகாமல் போனது எனக்கு உயரம் பத்தாததால் இல்லை, உங்கள் ரசமட்டத்தால் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் உடனே கேட்பார், உனக்கு எப்போது தெரியும் என்று.

மே 24

ராம்கி வந்தான். முகமே சரியில்லை. பரவை ரோட்டில் வீல் அலைன்மெண்ட் பார்க்கிற முத்துக்கருப்பனிடம் இரண்டு நாளைக்கு முன்பே வண்டியைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே தரை மட்டம். ஏற்றி நிறுத்தியதும் அந்த ஆள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "என்னண்ணே, வண்டி அண்ணாந்து பாக்குது. எங்க வச்சு மட்டம் பாத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"வீட்டு வாசல்ல" என்று இவர் சொல்லியிருக்கிறார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்களாம்.

அதோடு போகவில்லை. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கியதில் முன் ஆக்ஸிலின் ஜாயிண்ட் வளையக்கூடாத அளவுக்கு வளைந்து நிற்கிறதாம். வேகத்தில் போகும்போது விட்டுப்போனாலும் ஆச்சரியமில்லை, வளையங்களைக் கழற்றாமல் நான் அலைன்மெண்ட் பார்க்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"அப்ப கழட்ட வேண்டியதுதானடா?"

"மச்சான் வேணாங்கிறாரு அக்கா. கழட்டுனா பேயாண்டிக்குத் தெரிஞ்சு போகுமாம். ஒன்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு."

ஆக, அன்று காபியோடு எனக்கு வண்டி ஆகாது என்று சொன்னபோது இவருக்கு உண்மை தெரியுமா? ராம்கி நாளைக் கணக்குப் பார்த்தான். கடைக்குப் போனது காலை, காபி அதற்கு முன்னால். தெரியாது. ஆனால் மத்தியானத்திலிருந்து தெரியும். தெரிந்தபிறகும் அந்தப் பேச்சை இவர் திரும்பப் பெறவில்லை.

இவரைச் சும்மா விடக்கூடாது என்று கொதித்துக்கொண்டிருந்தேன். கொதிப்பு கொஞ்சம் அடங்கியபிறகு வேறொன்று உறைத்தது. நான் மே 4 முதல் தெரிந்து வைத்திருக்கிறேன். அந்த ஜாயிண்டோடு இவர் தினமும் நான்கு வழிச்சாலையில் இருட்டோடு போய்வருகிறார். மேலே ஆறாம் தேதி எழுதியதைப் படித்தேன். புளியமரத்து உச்சியாம். படித்துச் சிரிக்கத்தான் எழுதினேன். சிரிப்பு வரவில்லை.

மே 25, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் தோப்பிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். "ஏங்க, ஒண்ணு சொல்லணும். வாசல் வாட்டமாக் கெடக்குன்னு ரசமட்டம் வச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். வேணுமின்னேதான் சொல்லாம இருந்தேன்."

கையில் இருந்த செம்பை அப்படியே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்ப இம்புட்டு நாளும் என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தியா?"

"ஆமா."

"ரோட்டுல கழண்டு நான் போயிருந்தா?"

"ஆக்ஸில் விசயம் நேத்துத்தான் தெரியும். சத்தியமா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"முத்துக்கருப்பன் சொன்னதை நானும் ஒன்கிட்ட சொல்லல."

"ராம்கி சொன்னான்."

"ஒளறிட்டானா." செம்பை எடுத்துக் காலில் தண்ணீர் ஊற்றினார். அந்தத் தண்ணீர் வாசலில் இறங்கி, வண்டியின் பின்சக்கரத்தைத் தொட்டு, முன்சக்கரத்தைத் தாண்டி, தெருவுக்குப் போயிற்று. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும்.

மே 26

பேசவில்லை. தட்டைக் கழுவி அவரே வைக்கிறார். கல்யாணமாகி பத்தொன்பது வருடத்தில் முதல்முறை.

மே 28

இன்றும் இல்லை. பாண்டியம்மாவுக்கு இரண்டு குடம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவளிடம்தான் இன்று அதிகம் பேசினேன்.

மே 30

காலையில் வண்டியைக் காணோம். பத்து மணிக்கு இவரும் ராம்கியும் வந்தார்கள். முத்துக்கருப்பன் கடையில், மட்டத் தரையில் வைத்து, ராம்கி கடைந்த வளையங்களைக் கழற்றியிருக்கிறார்கள். கிட்டில் வந்ததை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதோடு வண்டி சரியான மட்டத்தில் நிற்கிறதாம். அலைன்மெண்ட் பார்த்து, ஹெட்லைட்டையும் இறக்கி வைத்தாயிற்றாம். எல்லாம் ராம்கி சொன்னது. இவர் ஒரு குஷனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். புதுசு, கெட்டியானது, நழுவாமல் கட்ட நாடா வைத்தது.

"ஏறி உக்காந்து பாரு" என்றார். அஞ்சு நாளில் முதல் பேச்சு.

தெருவில் நிறுத்திப் பார்த்தேன். ரோடு தெரிந்தது. முன்பு தெரிந்த அளவுக்கு இல்லை. போதுமான அளவுக்குத் தெரிந்தது. அதைச் சொன்னேன். மறுபடி கழற்றவா என்று ராம்கி கேட்டான். வேண்டாம் என்றேன்.

தெருவில் சமமாக நின்ற வண்டி வாசலுக்குத் திரும்பியதும் மறுபடி குனிந்து நின்றது. வாசல் வாட்டம் எங்கே போகும். இவர் பார்த்தார், முகம் சுருங்கியது, உள்ளே போய்விட்டார்.

ஜூன் 2, திங்கள்

போய்ச் சேர்ந்தேன். ஏழு நாற்பதுக்குக் கிளம்பி எட்டரைக்குப் பள்ளி. வாடிப்பட்டியில் ஒருமுறை வண்டி நின்றுபோனது, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே தீர்த்துவிட்டான். நானும் ஒன்று அடித்தேன்.

சாயங்காலம் வீடு வந்ததும் ஒரு சிக்கல். இவர் மாதிரி ரிவர்ஸில் வாசலேற எனக்கு வராது. நேராக ஏற்றி, வீட்டைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு இறங்கினேன். "மேக்க பாத்து நிக்குதே" என்று அத்தை முனகினார்.

இவர் வெளியே வந்தார். வாசலின் வாட்டத்தில் வண்டியின் மூக்கு இரண்டு அங்குலம் தூக்கி, விறைப்பாக நின்றது. சுற்றிவந்து பார்த்தார். தெருவுக்குப் போய் அங்கிருந்து பார்த்தார். நான் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இந்தமுறை சிரிக்கவில்லை. கொஞ்சம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

பேயாண்டி வந்து காபி குடித்துவிட்டுப் போனான். வண்டியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியது இன்று இவர்தான். மேற்கே பார்த்து.