கணக்கு டீச்சரிடம் யார் சொல்வது

1998 பிப்ரவரி 24, செவ்வாய்

நகரியில் இன்று எங்கள் பள்ளிக் கமிட்டி கூடியது. கணக்கு நடத்தும் சுகுணாவை நிறுத்திவிடலாம் என்றார் கரஸ்பாண்டென்ட் முனிரத்தினம். அரையாண்டுத் தேர்வில் ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் பெயில்.

நிறுத்துவதை எங்கள் பள்ளியில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது டைம்டேபிளில் பேர் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு அவர்களே போய்விடுவார்கள்.

"இப்பவே கூப்ட்டு சொல்லுங்க. வேற எடம் தேடிக்கட்டும்" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க பெரியவரே, உங்களுக்குத்தான் வாய் நீளம்" என்றார் முனிரத்தினம். எல்லோரும் சிரித்தார்கள். நானே போய்ச் சொன்னேன்.

சுகுணா அழவில்லை. "மூணு வருசமா நல்லா பண்றம்மான்னுதானே சொல்லிக்கினு இருந்தீங்க? ஒரு நாளாச்சும் என் கிளாசுல வந்து குந்திப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

எங்களில் யாரும் பார்த்ததில்லை.

திரும்பி வந்து, நாளை அவள் வகுப்பில் உட்காரப்போகிறேன், அதுவரை முடிவு கூடாது என்றேன்.

"பள்ளிக்கூடமே போவாதவரு, அங்க குந்தி இன்னா பாப்பீங்க?" என்றார் முனிரத்தினம்.

"பசங்களுக்குப் புரியுதா இல்லையான்னு பாப்பேன். அதுக்கு நான் பாஸாயிருக்கணுமா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் நன்றாக நடத்தினால் முனிரத்தினத்தோடு சண்டை போடவேண்டும். அது எனக்குப் பழக்கம்தான். நன்றாக நடத்தாவிட்டால், என்ன சரியில்லை என்று அவளிடம் நான்தான் சொல்லவேண்டும். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. ஆனாலும் அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டேன்.