என் சாட்சியில் இறந்த தம்பிக்கு

திங்கட்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. குடிமறப்பு இல்லத்தில் ஐந்து மாதம் முடிந்தது, அடுத்த வாரம் சனிக்கிழமை வெளியே விடுகிறார்கள், சொந்தக்காரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவார்கள் என்று எழுதியிருந்தாய். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். பதினொரு வருஷம் கழித்துக் கடவுளிடம் திரும்பி வருகிறேன், உள்ளே விடுவாரா என்று கேட்டிருந்தாய். படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன்.

ஆனாலும் அவசரப்படாதே. ஐந்து மாதம் ஒரு கணக்கா? இன்னும் ஓர் ஆறு மாதம் அங்கேயே இருந்தால் அஸ்திவாரம் கெட்டிப்படும். சாப்பாடு வேளாவேளைக்கு வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். வெளியே அதற்கு உத்தரவாதம் கிடையாது.

இங்கே வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். உன் அண்ணிக்கு முழங்கால் வலி. எனக்கும் வேலையில் மூச்சுவிட நேரமில்லை. ஏழு மாடிக் கட்டடம், இரண்டு லிஃப்ட், இரண்டுக்கும் கிட்டத்தட்ட என் வயது. செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு அபாய மணியை அடித்துச் சரிபார்க்க வேண்டும். அதை வேறு யாரிடமும் விட முடியாது. எங்கள் சபையிலும் இப்போது கூட்டம் அதிகம், உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். கடவுள் எங்கும் இருக்கிறார். உன் இல்லத்திலும் ஒரு ஜெப அறை இருக்கிறதாமே.

மூத்தவர்கள் சொல்வதற்குக் கீழ்ப்படிவதும் விசுவாசத்தில் சேர்ந்ததுதான். கர்த்தர் உன்னை அங்கேயே காத்துக்கொள்வாராக.

அன்புள்ள,
அண்ணன்


புதன்கிழமை

தம்பி,

திங்கட்கிழமை எழுதிய கடிதம் வந்திருந்தால் கிழித்துப் போடு. அதில் முழங்கால் வலியும் செவ்வாய்க்கிழமை மணியும்தான் நிஜம். வலியும் அண்ணிக்கு இல்லை, எனக்கு.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் நீ உயிரோடு இல்லை.

ஒரே நாளில் நடந்த சாவு இல்லை இது. இங்கே மாதத்தின் முதல் ஞாயிறு யாராவது ஒருவர் எழுந்து, தான் எப்படி மனந்திரும்பினார் என்று சாட்சி சொல்ல வேண்டும். நான் குடியை விட்ட வருஷம் என்னை எழுப்பினார்கள். ஈரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், பயந்து விட்டுவிட்டேன் என்று நடந்ததைச் சொன்னேன். நாலு நிமிஷத்தில் முடிந்தது. இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதற்கு முந்தின மாதம் பேசிய தையல்காரர் லாரிக்கு அடியில் போய்ப் பிழைத்து வந்தவர். அவருக்குச் சபையே அழுதிருந்தது.

மறு வருஷம் என் முறை வந்தபோது உனக்கு மஞ்சள்காமாலை வரவழைத்தேன். பெண்கள் பக்கம் லேசாக மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மூன்றாம் வருஷம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நாலாம் வருஷம் என் மடியிலேயே உயிரை விட்டாய். போகும்போது, நீயாவது திருந்து அண்ணே என்றாய். நன்றாகத்தான் சொன்னாய். பாஸ்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதிலிருந்து எனக்கு ஏறுமுகம்தான். கமிட்டியில் போட்டார்கள். பக்கத்துச் சபைகளிலிருந்து கூப்பிட்டார்கள். மண்டப வாசலில் உன் நினைவாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்கள். குடித்துச் செத்தவனுக்கு இதுதான் பொருத்தம் என்று யோசித்தவர் யாரோ தெரியவில்லை. ஏழு வருஷமாக அதில் தண்ணீர் பிடிக்காமல் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோகிறேன். சர்க்கரை வியாதி, அதனால் வெந்நீர்தான் குடிப்பேன் என்று அதற்கும் ஒரு பொய்.

திங்கட்கிழமை கடிதத்தைப் பெட்டியில் போட்ட பிறகும் மனசு ஆறவில்லை. பாஸ்டரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அந்தச் சாட்சியைக் கேட்டுப் பதினேழு பேர் குடியை விட்டிருக்கிறார்கள், அவர்களை இடறப் பண்ணலாமா என்று கேட்டார். உன்னைப் பற்றியும் அன்பாகத்தான் பேசினார்.

"தம்பி வரட்டும், தாராளமா வரட்டும். வேற சபைக்கு" என்றார்.

வரும் முதல் ஞாயிறு பேச வேண்டியவர் வெளியூர் போகிறாராம். அந்த இடத்தில் நானே பேச வேண்டுமாம், வழக்கமானதையே பேசினால் போதுமாம். எது முதல் ஞாயிறு என்று பார்த்தேன். நீ வருகிறேன் என்ற அதே ஞாயிறு. தயங்கினேன். கீழ்ப்படிதலைப் பற்றி இரண்டு வசனம் சொல்லி ஜெபம் செய்து அனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை, தம்பி. பதினேழு பேரை வைத்துக்கொண்டு அவரும் எங்கே போவார்?

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் வருஷம் தவறாமல் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சாவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள். ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. சாட்சி சொன்ன ஞாயிறுகளில் மட்டும் எனக்குச் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"செத்தவர் எழும்புனார்னு நம்பித்தானே சபையே நடக்குது. உங்க தம்பி எழும்பி வந்தா மட்டும் நம்ப மாட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

நேற்று செவ்வாய். பத்து மணிக்கு மணியைச் சரிபார்க்க லிஃப்டில் ஏறினேன். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. போன் கீழே கருவிப் பெட்டியில். மணியை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. மூன்றாம் மாடியில் யாரோ பேசிக்கொண்டே நடந்துபோன சத்தம்கூடக் கேட்டது. இருபது வருஷமாகச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அடிக்கிற மணிக்கு யார் வருவார்கள்?

கண்ணுக்கு நேரே நான் ஒட்டிய அறிவிப்பு. கதவை உள்ளிருந்து திறக்க முயல வேண்டாம், வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்கவும். ஒட்டிய பிறகு நேற்றுத்தான் படித்தேன். சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது. அதையும் படித்தேன். ஐம்பது நிமிஷம், தம்பி. அந்த நேரத்தில் ஒரு மனுஷன் எத்தனை தரம் ஒரு கடிதத்தைப் படிக்க முடியும் என்று உனக்குத் தெரியாது.

என் முதல் சாட்சி நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. காலை ஒன்பது மணிக்கே குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினாய். "அண்ணே, தெற. நானும் வர்றேன்" என்றாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை, கையில் வேதப்புத்தகத்தோடு நின்றேன். கைப்பிடியில் கைகூட வைத்தேன். பிறகு பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். தெருமுனை வரைக்கும் தட்டும் சத்தம் கேட்டது. சபையில் போய் நாலு நிமிஷம் கடவுளின் இரக்கத்தைப் பற்றிப் பேசினேன்.

உனக்கு வேலை கிடைத்த அன்றைக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கையில் கொடுத்ததும் நான்தான். வேண்டாம் என்றாய். ஆம்பிளையாக இருடா என்றேன். இது எந்த வருஷச் சாட்சியிலும் வந்ததில்லை. நீ செத்துவிட்டால் கதவைத் தட்டியவன் என்று ஒருவன் இல்லாமல் போகிறான் பார், அதற்காகத்தான் கொன்றிருக்கிறேன் போலிருக்கிறது. வேதத்தில், வீட்டைவிட்டுப் போன இளையவன் திரும்பி வரும் கதையில், மூத்தவன் உள்ளே வரமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு வெளியிலாவது நின்றான். நான் உள்ளே நின்றுகொண்டு உன்னை வெளியே நிறுத்தினேன்.

கடைசியில் மாடி பெருக்குகிற அம்மாதான் காவலாளியைக் கூட்டிவந்து திறந்தார். டெஸ்ட் என்று நினைத்தார்களாம். இவ்வளவு நேரம் அடிக்கிறதே என்று அவருக்கு மட்டும் சந்தேகம் வந்திருக்கிறது.

சனிக்கிழமை காலையிலேயே வந்து கையெழுத்துப் போடுகிறேன். அண்ணியும் வருகிறாள். மறுநாள் நான் எழுந்து என்ன சொல்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை. பழகின வாய், தானாகவே மஞ்சள்காமாலையிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் நீ முன்வரிசையில் உட்கார். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உன்னைக் கொல்ல என்னால் முடியாது என்று நினைக்கிறேன். பிறகு கமிட்டி என்ன செய்யும், அந்தப் பதினேழு பேர் என்ன ஆவார்கள் என்று தெரியாது. அவர்களுக்காக நீயும் ஜெபம் செய். உன் ஜெபம் கலப்படமில்லாதது.

உள்ளே விடுவாரா என்று கேட்டாய். அவர் ஒருநாளும் பூட்டியதாக எனக்குத் தெரியவில்லை. பூட்டினவன் நான். உன்னை வெளியே விட்டுப் பூட்டியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் நடத்திக்கொண்டு வருவாராக. வருஷக்கணக்காக நான் அடிக்கிற மணிதான், தம்பி. இந்தத் தடவை டெஸ்ட் இல்லை. வந்துவிடு.

உன் அண்ணன்