ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது

அன்பு மகளே,

இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது. மிலானில் தமிழ் தெரிந்த யாரையாவது தேடிப்பிடித்துப் படித்து, இத்தாலிய மொழியில் சொல்லச் சொல்.

முப்பது வருடம் டில்லியில் இத்தாலிய மொழி கற்பித்தேன். பதினோரு நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். இத்தாலியக்காரியான உன் அம்மாவுக்காக வீட்டிலும் அதையே பேசினேன். உனக்குத் தமிழைப் பிறகு சொல்லித்தரலாம் என்றிருந்துவிட்டேன்.

வடக்கனந்தலில் உன் அத்தை வீட்டுக்கு வந்த பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கள்ளக்குறிச்சி டாக்டர் மூளை ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "பின்னாடி கத்துக்கினதுதான் சார் மொதல்ல போவும்" என்றார். நான் மொழிபெயர்த்த நாவல் ஒன்றின் இத்தாலிய மூலத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் தெரிந்தன. ஒரு வரியும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வெகுநேரம் பேசினாய். அதில் நீ என்னைக் கூப்பிடும் 'பப்பா' மட்டும் எனக்குப் புரிந்தது. நடுவில் அழுதாய். நான் ம், ம் என்றுகொண்டிருந்தேன்.

அத்தை பக்கத்தில் வந்து, "இன்னாண்ணா, பொண்ணு அழுவுதா?" என்றாள்.

"இல்லம்மா, சிரிச்சிக்கினு இருக்குது" என்றேன்.

இதைப் படித்துக் காட்டுகிறவரிடமே, அன்று நீ சொன்னதைத் தமிழில் எழுதி வாங்கி அனுப்பு. சீக்கிரம் அனுப்பு. தமிழ் இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை.

உன் அப்பா