அந்தப் பைப்புக்குக் குழி வெட்டினது யாரு

கிள்ளான்,
புதன்கிழமை காலை

அன்புப் பேத்தி மலர்விழிக்கு, பாட்டி தங்கமணி எழுதுறது. நானும் உங்க அம்மாவும் சுகம். போன்ல பேசலாம்னா, கம்போடியாவுல உன் முதலாளி சுகுமாறன் உன் பக்கத்திலேயே இருக்கான். அதான் எழுதுறேன். பக்கத்து வீட்டு டொரத்தி படம் பிடிச்சு அனுப்புவா. தனியா இருக்கும்போது படி.

அங்க தண்ணி பைப்பு போட ஏதோ வளர்ச்சி வங்கி கடன் கொடுக்குது, வெளிநாட்டுக் கம்பெனியும் டெண்டர் போடலாம், ஆனா இதே மாதிரி வேலை முன்னாடி செஞ்சிருக்கணும்னு சொன்னே. நீங்க நிரப்புற டெண்டர் பாரத்துல அனுபவம்கிற இடத்துல, பந்திங் தோட்டத்துல ஒன்பது கிலோமீட்டர் பைப்பு போட்டது உங்க கம்பெனின்னு எழுதியிருக்குன்னு வாசிச்சே. "பாட்டி, உங்க ஊருதான் லா!"ன்னு சிரிச்சே. எனக்குச் சிரிப்பு வரல.

அந்த வேலை இராமலிங்கம் கொன்ட்ரேக்டரோடது. உங்க அம்மா எஸ்.பி.எம். பரீட்சை எழுதின வருஷம். தைப்பூசம் முடிஞ்ச திங்கள் ஆரம்பிச்சு, புரட்டாசி மூணாம் சனிக்கு முன்னாடி முடிச்சோம். நானும் இராஜம்மாவும் குழி வெட்டினோம். சுகுமாறன் லோரியில பைப்பு ஏத்திக்கிட்டு வந்தவன். அவ்வளவுதான் அவன் அனுபவம். ஒருநாள் கொட்டுற மழையில, "சேத்துக் காலோட என் லோரியில ஏறாதீங்க"ன்னு எங்களை ரோட்டோரமா விட்டுட்டுப் போனான். அதுக்கப்புறம் அவன் வீட்டுக் கல்யாணத்துல நான் கை நனைச்சதில்ல.

கிழவி பழைய கோபத்துல பேசுதுன்னு அவன் சொல்லுவான். கோபம் இருக்குதான். அதுக்காக வருஷமும் ஆளும் மாறிப் போகுமா? இராமலிங்கம் செத்துட்டாரு, யாரு கேக்கப் போறான்னு நெனைச்சிட்டான். குழி வெட்டினவ நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்.

வெள்ளிக்கிழமை டெண்டர் மூடுறாங்க, கையெழுத்து உன்னோடதுன்னு சொன்னே. டொரத்தி மகன் பிரையன் பி.ஜே. டவுன்ல, இந்த மாதிரி டெண்டர் போடுற ஆபீஸ்லதான் வேலை செய்றான். கேட்டேன். பொய்யின்னு தெரிஞ்சா வங்கிக்காரங்க கம்பெனியை ஒதுக்கி வெச்சிடுவாங்க, கையெழுத்து போட்டவங்க பேரும் அதோட போகும் ஆன்டின்னான்.

உங்க அம்மாகிட்ட இன்னும் சொல்லல. வீட்டுக் கடன் உன் பேருல இருக்கு, வேலை போனா என்ன ஆகும்னு அவ முதல்ல அதைத்தான் கேப்பா.

ஒண்ணு உனக்குத் தெரியாது. உன் மார்க்கைப் பார்த்து சுகுமாறன் உன்னை வேலைக்குக் கூப்பிடல. நான்தான் பி.ஜே. போய், அவன் ஆபீஸ் வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னு உனக்கு வேலை கேட்டேன். உள்ள கூப்பிட்டு மைலோ கொடுத்தான். குடிச்சேன். உனக்காகத்தான் குடிச்சேன், மலரு.

நீ யாருக்கும் நன்றிக்கடன் பட்டவ இல்ல. பத்துமலை முருகன் உன் கூடவே நிக்கட்டும். கையெழுத்து போடாதே சாமி. பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடு. ஏர்போர்ட்டுக்கு நானே வரேன்.

உன் பாட்டி,
தங்கமணி