ரேட்டு விழுந்த மாதம்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

வாராவாரம் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மாமாவும் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர்கள் முன்னால் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வேலை பழகிவிட்டது. பழைய பத்திரிகைகளில் வந்த நாணய மாற்று விலைகளைத் தேதிவாரியாகக் கணினியில் ஏற்றுகிறோம். எனக்குக் கொடுத்திருப்பது நீங்கள் இருக்கும் நாட்டின் பணம். இன்றைய விலையையும் தினமும் நான்தான் பதிவு செய்கிறேன். "உங்கப்பா அங்கதானே இருக்காரு? அப்போ நீ தூங்கிட்டே அடிப்பே" என்று பக்கத்து மேஜை அக்கா கேலி செய்கிறார்.

அதனால்தான் கேட்கிறேன். நான்கு மாதமாகப் பாதிப் பணம்தான் வருகிறது. ரேட்டு விழுந்துவிட்டது என்கிறீர்கள். விழவில்லை அப்பா. பிப்ரவரியிலிருந்து ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. நான் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

ஜூன் 17

டிகிரி மேடத்துக்கு அப்பா எழுதுறது. நான் நல்லா இருக்கேன்.

உன் கடுதாசி வந்துச்சு. ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். விஷயத்தைக் காட்டல, கையெழுத்தை மட்டும்.

பேப்பர்ல போடுற ரேட்டு வேற, கவுன்ட்டர்ல கொடுக்குற ரேட்டு வேற. எங்களை மாதிரி ஆளுக்குக் கமிஷன் அது இதுன்னு பிடிச்சிடுவான். அதெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல வராது. உன்னைப் படிக்க வெச்சது எனக்குப் பாடம் எடுக்கவா? சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதே.

உன் மாமன் ஏன் வாராவாரம் அங்க வந்து உட்கார்றாரு? அவர் வீட்ல நாற்காலி இல்லையா? அம்மாகிட்ட இந்தக் கதையெல்லாம் சொல்லாதே.

அப்பா

ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

கமிஷன் பாதிப் பணத்தை விழுங்காது. நாங்கள் பணம் எடுக்கும் கவுன்ட்டரில் போய்க் கேட்டேன். எனக்கு முன்னால் மாமாவும் போய்க் கேட்டிருக்கிறார். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ரேட்டு மேலதான் கிடக்கு. மாப்பிள்ளைக்கு அங்க வேற குடும்பம், வேற செலவுன்னு வந்திருக்கும்."

அம்மா விடவில்லை. "தினம் ரேட்டு பார்க்கிறவ நம்ம வீட்லயே இருக்கா. அவளுக்குத் தெரியாதது உனக்கு என்னண்ணே தெரியும்?" என்று என் பக்கம் திரும்பினாள். நான் என்ன செய்வேன்? விழுந்திருக்கிறது என்று தலையை ஆட்டினேன். இப்போது தினமும் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய ரேட்டைக் கேட்கிறாள். குறைத்துச் சொல்கிறேன். சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விடுகிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், அக்டோபர் மாதம் நினைவிருக்கிறதா? அப்போதும் ரேட்டு விழுந்துவிட்டது என்றுதான் எழுதினீர்கள். கீழ்வீட்டைக் காலி செய்து மாடியில் ஒற்றை அறைக்குப் போனோம். அலமாரி படிக்கட்டில் திரும்பவில்லை. அங்கேயே வைத்து விற்றுவிட்டோம். அம்மா ரேட்டைத் திட்டிக்கொண்டேதான் அடுப்பு மூட்டுவாள்.

நேற்று அந்த மாதத்தைப் பதிவு செய்தேன். அந்த வருடத்திலேயே ரேட்டு மிக அதிகமாக இருந்தது அந்த மாதம்தான். நம்பாமல் வேறு பத்திரிகையிலும் தேடினேன். "என்னம்மா, இன்னும் அக்டோபர்லயே நிக்கிறே?" என்று மேலாளர் கேட்டார்.

எத்தனை தடவை அப்பா இப்படி? மாமா சொல்வது உண்மையா என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

ஜூலை 20

மகளுக்கு,

வேற குடும்பமா? எட்டுப் பேர் படுக்கிற ரூம்ல குடும்பத்தை எங்க வைக்கிறது? ஒருத்தன் புரண்டு படுத்தா ஏழு பேர் முழிச்சுக்கிறோம். உன் மாமனை வந்து பார்க்கச் சொல்லு.

ஜனவரியில இருந்து வலது தோளைத் தூக்க முடியல. காருக்குப் பெயின்ட் அடிக்கிறவன் கையைத் தூக்கலேன்னா என்ன பண்ணுவான்? சூப்பர்வைசர் நல்லவரு. ஊருக்கு அனுப்பாம கேட்ல உட்கார வெச்சிருக்காரு. வர்ற வண்டி நம்பர் எழுதணும். பாதிச் சம்பளம். நீ கேட்ட அக்டோபர் வேற. அப்போ பழைய கம்பெனியை மூடிட்டாங்க. மூணு மாசம் சும்மா கிடந்தேன்.

என்னை என்ன பண்ணச் சொல்றே? ரேட்டுன்னு சொன்னா உங்கம்மா ரேட்டைத் திட்டுவா. திட்டட்டும். ரேட்டுக்கு வலிக்கவா போகுது?

அவகிட்ட சொல்லிடாதே. அவங்க அண்ணன் முன்னாடி அவ தலை குனியக் கூடாது. நீ எப்பவும் போல கம்மின்னே சொல்லு. நீ சொன்னா நம்புவா. படிச்ச பொண்ணு.

அப்பா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகக் கழிவறையில் நின்று படித்தேன். முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. ஏழு மாதமாகத் தோள் வலிக்கிறது, வாராவாரம் "நல்லா இருக்கேன்" என்கிறீர்கள். டாக்டரிடம் காட்டினீர்களா? அதைக்கூட எழுதவில்லை.

நான் சொன்னால் அம்மா நம்புவாள் என்றீர்கள். அவள் நம்பவில்லை. முன்பெல்லாம் ரேட்டைத் திட்டுவாள். இப்போது நான் சொல்வதைக் கேட்டு "அப்படியா" என்பதோடு சரி. உங்களுக்காக நான் எதையோ மறைக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதை என்று தெரியாததால் மாமா சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் உங்கள் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு பையில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "இடத்தை அடைக்குது" என்றாள். மாமா முன்னால் அவள் தலை குனியக் கூடாது என்கிறீர்கள். யாரும் இல்லாதபோதும் அவள் தலை குனிந்துதான் நடமாடுகிறாள்.

நானே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். நான் சொன்னால் அதையும் நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய் என்றுதான் எடுத்துக்கொள்வாள். இனி அவள் கேட்டால் உண்மையான ரேட்டைத்தான் சொல்வேன். என்னால் முடியவில்லை அப்பா.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சம்பளம் கொஞ்சம் கூடும். பாதிப் பணம் வந்தாலும் சமாளித்துக்கொள்வோம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்களிடம் இதுவரை எனக்கென்று எதுவும் கேட்டுப் பழக்கமில்லை, அதனால் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்தக் கடிதம் கிடைத்ததும், மாமா இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் கூப்பிடுங்கள். போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன். உங்கள் தோளைப் பற்றி நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகள்