நாட்டி என்றால் நடவாம்

அன்பு மகன் விமல்ராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பா, நான், உன் தங்கை நிர்மலா மூவரும் இங்கே சுகம். நீ சுகமா என்பது நீ போனை எடுத்தால்தானே தெரியும். எடுக்காததால்தான் இந்தக் காகிதம், நிர்மலா போட்டோ பிடித்து அனுப்புவாள், மஸ்கட்டில் விமானம் ஏறுவதற்குள் முழுசாகப் படித்துவிடு.

போன வாரம் பெங்களூர் கிளினிக் ஒன்றிலிருந்து ஒரு பெண் கன்னடத்தில் பேசினாள். உங்கள் மகனுக்கு கூதலு நாட்டி பண்ணப் போகிறோம், வீட்டில் சம்மதம்தானே என்றாள். கூதலு என்றால் முடி என்பது தெரியும். ஆனால் கெலமங்கலம் சந்தையில் நாட்டி கோழி, நாட்டி முட்டை என்று கேட்டே பழகிய காது எனக்கு. ஏதோ நாட்டு வைத்தியம், தலைக்கு மூலிகை எண்ணெய் தடவுவார்கள் என்று நினைத்து, நல்லாப் பண்ணும்மா என்று வாழ்த்து வேறு சொன்னேன். பக்கத்து வீட்டு சரிதாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா, நாட்டின்னா நடவு, பின்மண்டையில இருந்து முடியப் புடுங்கி முன்னால நடுவாங்க, ஊசி போட்டு ரத்தம் வர்ற வேலை அது என்றாள். உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். நீ சொன்னால்தான் நிறுத்துவார்களாம்.

ஓசூரில் தோல் டாக்டரம்மாவிடம் போய் உன் போட்டோவைக் காட்டினேன். சமீபத்தில் காய்ச்சல் கண்டதா என்றுதான் முதலில் கேட்டார். நீ டெங்குவில் கிடந்ததைச் சொன்னேன். காய்ச்சலுக்குப் பிறகு கொட்டும் முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானே திரும்புமாம். பரம்பரைச் சொட்டையாகவே இருந்தாலும் உன் வயசில் அது எதுவரை போகும் என்று சொல்ல முடியாதாம், இப்போதே நட்டால் நட்டது மட்டும் பாத்தி கட்டியது போல நிற்க சுற்றிலும் கொட்டிப் போகலாம், பின்மண்டையில் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காதாம். முதலில் நேரில் பரிசோதனை, தேவைப்பட்டால் மருந்து, கொட்டுவது ஒரு நிலைக்கு வந்து நின்ற பிறகும் குறை தெரிந்தால் அப்போது நடலாம் என்றார். அப்போது நானே கூட வருகிறேன், போதுமா. பாரூர்ப் பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருவதற்குள் என்று நீ அவசரப்படுகிறாய், ஆனால் நட்டது வளர்ந்து தெரியவே வருஷம் ஆகுமாம். இதையெல்லாம் அந்தப் பெங்களூர்க்காரர்கள் உன்னிடம் சொன்னார்களா? காய்ச்சலைப் பற்றியாவது கேட்டார்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கும்மா என்று நீ சொன்ன அன்று போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து கம்பெனித் தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அந்த வழுக்கையைப் பார்த்துத்தானடா நான் கழுத்தை நீட்டினேன்.

நல்லா இரு கண்ணு, ஒரு குறையும் உனக்கு வராது. மறக்காதே, விமானம் ஏறும் முன் அந்தப் பெங்களூர்க்காரர்களுக்குப் போன் செய்து நிறுத்து. ஏர்போர்ட்டுக்கு அப்பா வருகிறார். அன்றைக்குத் தொப்பியை நான் துவைத்துப் போட்டுவிடுவேன், வெறுந்தலையோடுதான் நிற்பார். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். நேராக அவரிடம் வா.

உன் அம்மா,
முனிலட்சுமி