இருக்கிறபடியே அனுப்புங்கள்

உன் ஒட்டுத்தாள் என் மேசைமேல் கிடக்கிறது. உள்ளங்கை அளவுப் பழுப்புக் காகிதம். பின்பக்கம் ஸ்பீக்கரின் கறுப்புத்தாள் கொஞ்சம் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதுதான் மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருடம் கழித்தும் மைதாப் பசையும் பூச்சி அரிக்காமல் அதில் போடும் மயில்துத்தமும் கலந்த அந்த வாசனை போகவில்லை. நீ வெடிக் கம்பெனி விட்டு சைக்கிளில் வந்து இறங்கும்போது உன் சட்டையில் அடிக்குமே, அதே வாசனை. அழுதுவிட்டேன். இந்த வயதில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறானே என்று நீ சிரித்திருப்பாய். சிரித்துக்கொள்.

நீ போய் இது நான்காவது தீபாவளி சீசன். உன்னிடம் சொல்ல வேண்டிய தப்புகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பழசு, ஒன்று புதுசு. புதுசை முதலில் சொல்லிவிடுகிறேன். பழசைச் சொல்ல இன்னும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

பெங்களூருக்கு வேலைக்குப் போன உன் மகள் அங்கே கித்தாரைக் கையில் எடுத்திருக்கிறாள். சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப் பெட்டி இல்லாமலே வாசிக்கிறாள். கித்தாரிலிருந்து ஒரு வயர் கணினிக்குப் போகிறது. எந்த ஆம்பின் சத்தம் வேண்டுமோ அதைத் திரையில் தேர்ந்தெடுத்துக்கொள்கிறாள். பழைய ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்து, அது எப்படிப் பேசுகிறது என்று அளந்து, அந்தக் குரலைக் கணினிக்குள் செய்து வைத்துவிடுகிறார்களாம். ஒருநாள் போனில் சொன்னாள், "மாமா, உலகத்துல உள்ள ஆம்பு அம்புட்டும் இதுல இருக்கு. அப்பா சத்தம் மட்டும் இல்ல."

நீ வாசித்ததில் அவளிடம் இருப்பதோ இரண்டே வீடியோ. இரண்டிலும் உன் கித்தாரைவிடப் பந்தியில் சாம்பார் கேட்கிறவர்கள் சத்தம்தான் ஓங்கி நிற்கிறது.

அதனால் நம் ஆம்பையும் அப்படிச் செய்து தரும்படி அதைச் செய்கிற வெளிநாட்டு மென்பொருள் கம்பெனிக்கு எழுதினோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். நம் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஊர் திரும்பும்போது சபைக்கு விட்டுப்போன பெட்டி என்றேன். சாமான் அறையில் பாட்டுப் புத்தகக் கட்டுகளுக்கு அடியில் கிடந்ததை, எல்லாரும் ரேடியோ என்று நினைத்ததை, நீதான் முதலில் திறந்து பார்த்தாய் என்றேன். வால்வு சூடாகி ஆரஞ்சு நிறத்தில் எரிந்ததும் நீ துள்ளியதை மட்டும் எழுத வேண்டாம் என்றேன். அவள் அதையும் எழுதிவிட்டாள்.

கடிதத்தோடு ஒரு படிவமும் நிரப்பச் சொன்னார்கள். 'இந்த ஆம்பைப் பயன்படுத்திய புகழ்பெற்ற கலைஞர்கள்' என்று அதில் ஒரு கட்டம். நான் 'யாரும் இல்லை' என்று போடச் சொன்னேன். அவள் உன் பெயரைப் போட்டாள். ஊர் என்று கேட்ட இடத்தில் 'தாயில்பட்டி பக்கம்' என்று எழுதினாள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பெட்டியின் போட்டோவைப் பார்த்து ஆடிப்போயிருக்கிறார்கள். அதைச் செய்த சின்னக் கம்பெனி என்றோ மூடிவிட்டதாம். அந்த மாதிரியில் இன்னொன்றை அவர்கள் பார்த்ததே இல்லையாம். பெங்களூரில் அவர்களுக்கு வேலை செய்யும் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது, அங்கே கொண்டுவந்தால் அளந்து தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: 'எதையும் செய்ய வேண்டாம், இருக்கிறபடியே அனுப்புங்கள்.'

அந்த வரியை நான் எப்படிப் படித்தேன் தெரியுமா? விருந்துக்கு வருகிறவர்கள் "ஒண்ணும் செய்யாதீக, சும்மா பாத்துட்டுப் போறோம்" என்பார்களே, அப்படிப் படித்தேன். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அடுத்த வீட்டுக் கிண்ணத்தையே விளக்கித்தானே திருப்பிக் கொடுப்போம். இது கடல் தாண்டிப் பேர் வாங்கப்போகும் பெட்டி. ஒட்டுப்போட்ட ஸ்பீக்கரோடு அனுப்பினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? சிவகாசியில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, ஸ்பீக்கருக்குப் புதுத்தாள் போட்டு, பெட்டியைத் துடைத்து, பளபளவென்று ஏற்றி அனுப்பினேன். உன் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அளந்து முடித்து, அந்தக் குரலை அவள் கணினிக்கு அனுப்பிவைத்தார்கள். அவள் வாசித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இது அப்பா இல்ல. அடிக்கம்பியில அந்தக் கரகரப்பு இல்ல" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கரகரப்பு உன் ஒட்டோடு போய்விட்டது.

மறுநாளே மெக்கானிக்கிடம் ஓடினேன். பழைய தாளைக் குப்பையில் போட்டுவிட்டார். நல்லவேளை, குப்பை போகவில்லை. தேடியதில் உன் ஒட்டு மட்டும் கிடைத்தது. அதைத் திரும்ப ஒட்டலாம் என்றால் தொட்ட இடமெல்லாம் உதிர்கிறது.

இனிப் பழசு.

காரியாபட்டியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசித்துவிட்டுத் திரும்பினோம், நினைவிருக்கிறதா? ஆம்பைத் தூக்கும்போதெல்லாம் நீ ஒன்றையே சொல்வாய்: "வலைப் பக்கம் உன் வயித்தப் பாத்து இருக்கணும்லே." முன்பக்கம் வெறும் வலைத்துணிதான், அதற்குப் பின்னால் ஸ்பீக்கரின் தாள், எது பட்டாலும் கிழிந்துவிடும் என்பாய். அன்று மாப்பிள்ளை வீட்டார் உன்னை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பக்கத்தில் நின்று பேஸ் கித்தார் வாசித்தவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் புகைந்தது. நீ அவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது பெட்டியைத் தனியாகத் தூக்கி, வலைப் பக்கம் வெளியே பார்க்க வேனில் வைத்தேன். மைக் ஸ்டாண்டையும் அதன் மேலேயே எறிந்தேன். எறிந்தேன் என்பதுதான் சரியான வார்த்தை. அதன் கால் வலையைக் குத்திக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தேன். உறையை இழுத்து மூடிவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நம்மூரில் இறக்கி உறையை எடுத்ததும் நீ பார்த்தாய். மல்லாங்கிணறு ரோட்டுக் குழியில் ஏதாவது இடித்திருக்கும் என்றேன். நீ கிழிசலைப் பார்த்தாய், பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். உறையை மடித்து என் கையில் கொடுத்தாய்.

இரண்டு நாளில் அசனப் பண்டிகை. சபையே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள், நீ வாசிக்காமல் பந்தி போடமாட்டார்கள். புது ஸ்பீக்கருக்கு எங்கே போவது? மறுநாள் நீ பெட்டியோடு கம்பெனிக்குப் போனாய். வெடிக்குக் குழாய் சுருட்டும் காகிதத்தைக் கிழித்து, அதே பசையைத் தடவி, குழாயில் ஓட்டை விழுந்தால் எப்படி ஒட்டுவாயோ அப்படி மூன்று அடுக்கு ஒட்டி, குழாய்கள் காயும் களத்தில் அதையும் வெயிலில் வைத்தாய். அசனத்தன்று அடிக்கம்பியைத் தொட்டதும் சத்தத்துக்கு அடியில் ஒரு கரகரப்பு எழுந்தது, தொண்டை கட்டினவன் பாசமாகப் பேசுகிற மாதிரி. நீ என் பக்கம் திரும்பிச் சிரித்தாய். "இப்பத்தாம்லே இது நம்ம ஊருப் பெட்டி" என்றாய்.

அதற்குப் பிறகு அந்தக் கரகரப்புதான் நீ. தெருமுனையில் வருகிறவர்கள்கூடக் கேட்டதும் உன் பெயரைச் சொல்வார்கள். உன் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் விருதுநகருக்கு டயாலிசிஸ் போய்வந்த காலத்திலும் அது மாறவில்லை. ஊசி போடும் கையால் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் பெட்டியை நான் தூக்கிப் போகும்போது மறுகையால் உன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தபடியே கூட நடந்து வந்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிறு உன் மகள் வந்தாள். பெங்களூரிலிருந்து திரும்பி வந்த ஆம்ப் என் வீட்டு நடுக்கூடத்தில் இருந்தது. உன் மனைவி பசை காய்ச்சிக் கொடுத்திருந்தாள், காகிதமும் உன் வெடிக் கம்பெனியிலிருந்து வந்திருந்தது. ஒட்டுப் போட வேண்டுமானால் முதலில் ஸ்பீக்கரின் நல்ல புதுத்தாளைக் கிழிக்க வேண்டும். பிளேடை அவள் என் கையில் கொடுத்தாள். அதைக் கீழே வைத்துவிட்டேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொன்னாடை, மைக் ஸ்டாண்ட், ரோட்டுக் குழி எல்லாம். முதலில் கிழித்தவனும் நான்தான் என்றேன்.

அவள் தலை நிமிராமல் காகிதத்தை அளந்துகொண்டே சொன்னாள். "தெரியும் மாமா. அப்பா எப்பவோ சொல்லியிருக்காக."

நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"'நீ அவன்கிட்டக் கேட்டுப்புடாத தாயி. ஒத்துக்கிட்டாம்னா வெக்கப்பட்டுக்கிட்டுப் பெட்டி தூக்க வரமாட்டான்'னு சொன்னாக."

அடப்பாவி. இத்தனை வருடம் எல்லாம் தெரிந்தேதான் என்னைக் கூட வைத்திருந்தாயா?

பிளேடை எடுத்தேன். கிழித்தேன். அவள் மூன்று அடுக்கு ஒட்டினாள், உன்னிடம் பார்த்துப் பழகிய கை. மாடியில் வெயிலில் காயவைத்து, மறுநாள் வாசித்தாள். உன் சத்தம் இல்லை அது. ஒரே கிழிசலை இரண்டு முறை கிழிக்க யாரால் முடியும்? ஆனால் கேட்டால் உன் ஜாடை தெரிந்தது. அடிக்கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கித்தாரைக் கீழே வைத்து, "இது போதும் மாமா" என்றாள். நடந்ததை மறைக்காமல் மென்பொருள் கம்பெனிக்கு எழுதினோம். மறுபடி அளக்க ஸ்டூடியோவுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை வண்டி வந்தது. அவள் உன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தாள், நான் என் பக்கத்தைப் பிடித்தேன். நீ போனபின் அந்தக் கனத்தை இன்னொருவரோடு தூக்குவது இதுதான் முதல்முறை. வாசற்படி இறங்கும்போது அவள் நின்று என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டேன். வலைப் பக்கம் என் வயிற்றைப் பார்த்துத்தான் இருந்தது.